லினக்ஸில் எந்த எடிட்டர்? – ஒரு கடிதம்

வணக்கம் அண்ணா,

குடியாத்தத்தில் பிசிஏ முடித்துவிட்டு இப்போது வேலூரில் இருக்கிறேன். சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் இருக்கும் லாட்ஜ்களுக்கு வெப்சைட் செய்து தருகிறேன். பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்தான் இன்னும் ஓடுகிறது, 4 ஜிபி ராம். விண்டோஸ் நகரவே மாட்டேன் என்றதால் நண்பன் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டுக் கொடுத்தான். அது நன்றாக இருக்கிறது. ஆனால் கோட் எழுதும் எடிட்டரான விஎஸ் கோட், ஃபயர்ஃபாக்ஸ், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடு சர்வர் மூன்றையும் ஒன்றாகத் திறந்தால் மவுஸே அசைவதில்லை. லினக்ஸுக்கு வந்தாகிவிட்டது, எடிட்டரும் ஓப்பன் சோர்ஸாகவே இருக்கட்டும் என்று விசாரித்தால் ஒருத்தர் விஎஸ் கோடியம் என்கிறார், ஒருத்தர் ஸெட் என்கிறார், ரூம்மேட் "விம் தெரியாதவன்லாம் டெவலப்பரா" என்கிறான். தமிழ், இந்தி, வங்காளி மூன்றிலும் பக்கங்கள் எழுத வேண்டியிருக்கிறது. எதை வைத்துக்கொள்ளட்டும்? ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

ஒன்றை மட்டும் என்றால், கேட் (Kate) எடிட்டர். லினக்ஸுக்கு டெஸ்க்டாப் செய்யும் கேடிஈ குழுவினர் செய்வது. உங்களுக்கு யோசனை சொன்ன மூன்று பேரில் ஒருத்தர்கூட அதன் பெயரை எடுக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியமில்லை, அதற்கு விளம்பரம் செய்ய ஆள் கிடையாது. இனி காரணம்.

விஎஸ் கோடியத்தில்தான் குழப்பம் அதிகம் என்பதால் அதை முதலில் பார்த்துவிடுவோம். விஎஸ் கோடின் மூலநிரல் 2015 நவம்பரிலிருந்து எம்ஐடி உரிமத்தில் திறந்து கிடக்கிறது, அது உண்மைதான். ஆனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நீங்கள் இறக்கிக்கொள்ளும் டெப் ஃபைல், அதாவது இன்ஸ்டால் ஃபைல், அந்த மூலநிரலோடு அவர்களுடைய சில சமாச்சாரங்களையும் சேர்த்துக் கட்டியது. அதற்கு உரிமம் வேறு, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று தகவல் அனுப்பும் டெலிமெட்ரியும் உண்டு. அதே மூலநிரலை எடுத்து, அந்தச் சமாச்சாரங்கள் இல்லாமல், டெலிமெட்ரியை அணைத்துக் கட்டித் தருவதுதான் விஎஸ் கோடியம். எக்ஸ்டென்ஷன்கள் மைக்ரோசாஃப்டிடமிருந்து வராது, எக்லிப்ஸ் ஃபவுண்டேஷன் நடத்தும் ஓப்பன் விஎஸ்எக்ஸிலிருந்து வரும். வேறு கம்ப்யூட்டரில் உள்ள ஃபைலைத் திருத்த உதவும் ரிமோட் எஸ்எஸ்எச், பைதானுக்கான பைலான்ஸ் போன்ற மைக்ரோசாஃப்டின் எக்ஸ்டென்ஷன்கள் அங்கே இல்லை, தங்கள் எடிட்டரைத் தவிர வேறெதிலும் அவற்றை ஓட்டக்கூடாது என்று உரிமத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டிய, கோடை ஒழுங்குபடுத்தும் பிரெட்டியர், தப்பைக் காட்டும் ஈஎஸ்லின்ட், பக்கத்தை உடனே பிரவுசரில் காட்டும் லைவ் சர்வர் எல்லாம் இருக்கின்றன. ஆகவே உரிமம்தான் உங்கள் பிரச்சினை என்றால் கோடியம் போதும், யோசிக்கவே வேண்டாம். ஆனால் உங்கள் பிரச்சினை ராம். கோடியமும் எலக்ட்ரானில் ஓடுவதுதான், உள்ளே ஒரு குரோமியம் பிரவுசரே முழுசாக உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸும் நோடும் வேறு. பெயர் மாறினால் எடை குறைந்துவிடுமா?

சரி, விஎஸ் கோடை விட்டுவிட்டால் அந்த ஆட்டோ கம்ப்ளீட், தப்புக்கு அடியில் சிவப்புக் கோடு, ஒரு ஃபங்ஷன் எங்கே எழுதப்பட்டது என்று தாவிப்போவது எல்லாம் போய்விடுமே என்று பயப்படுவீர்கள். போகாது. அந்த அறிவு எடிட்டருக்குள் இல்லை, லாங்குவேஜ் சர்வர் என்று பின்னால் தனியாக ஓடும் புரோகிராமில் இருக்கிறது. 2016-இல் மைக்ரோசாஃப்டே இதற்கான பேச்சு முறையை, எல்எஸ்பி என்பார்கள், பொதுவில் வைத்தது. அன்றிலிருந்து எந்த எடிட்டரும் அதே சர்வரிடம் கேட்டு அதே பதிலை வாங்கிக்கொள்ளலாம். காந்தி ரோட்டில் எந்த லாட்ஜில் தங்கினாலும் டிபன் வருவது அதே மெஸ்ஸிலிருந்துதான் என்கிற மாதிரி. அதனால் "எந்த எடிட்டருக்கு அறிவு அதிகம்" என்ற கேள்வி பழசாகிவிட்டது. உங்கள் மெஷினில் எது லேசாக ஓடுகிறது, நீங்கள் எழுதும் எழுத்துகளை எது ஒழுங்காகக் காட்டுகிறது, இந்த இரண்டுதான் இப்போது பார்க்க வேண்டியது.

கேட் எலக்ட்ரான் இல்லை. சி பிளஸ் பிளஸ்ஸில், கியூட்டி என்ற லைப்ரரி மேல் எழுதியது. மின்ட் எக்ஸ்எஃப்சிஇ-யில் போடும்போது கூடவே கேடிஈ லைப்ரரிகள் ஒரு கூட்டமாக இறங்கும், டிஸ்க்கில் கொஞ்சம் இடம் போகும், அதற்காகக் கவலைப்படாதீர்கள். செட்டிங்ஸில் பிளகின்ஸ் பக்கம் போய் எல்எஸ்பி கிளையன்ட் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். டெர்மினலும் புராஜெக்டும் அங்கேயே இருக்கின்றன, கிட் (கோடில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைப்பது) உள்ள ஃபோல்டரைத் திறந்தால் தானாகவே புராஜெக்டாக எடுத்துக்கொள்ளும். பிறகு நோடுக்கான பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம் வழியாக டைப்ஸ்கிரிப்ட் லாங்குவேஜ் சர்வரையும், விஎஸ் கோடிலிருந்தே பிரித்தெடுத்த எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் சர்வர்களையும் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் தடவை ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலைத் திறக்கும்போது, இந்த புரோகிராமை ஓட்டலாமா என்று அனுமதி கேட்டு ஒரு சின்னப் பெட்டி வரும். இதில்தான் பாதிப் பேர் வழுக்கி விழுகிறார்கள். என்னமோ ஏதோ என்று பயந்து வேண்டாம் என்று அழுத்திவிட்டு, அப்புறம் "கேட்ல ஆட்டோ கம்ப்ளீட்டே இல்ல" என்று சொல்லிக்கொண்டு திரிவது. அனுமதி கொடுங்கள். அந்த சர்வர்களும் தங்கள் பங்குக்கு ராம் கேட்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் குரோமியம் ஒன்று குறைந்துவிட்டதே, 4 ஜிபியில் அது பெரிய விஷயம்.

இழப்பு இல்லாமல் இல்லை. விஎஸ் கோடில் இருப்பது போல ஆயிரக்கணக்கான எக்ஸ்டென்ஷன்கள் கொண்ட கடை கிடையாது. பிரெட்டியரை இணைக்கும் ஃபார்மட்டிங் பிளகின் புதிய பதிப்புகளில்தான் உண்டு. பழைய மின்ட் என்றால் பிரெட்டியரை டெர்மினலில் ஓட்டிக்கொள்ளுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

இப்போது உங்கள் ரூம்மேட். விம் நல்ல எடிட்டர், பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்டு, 2023-இல் காலமாகும் வரை பராமரித்தார். பிடித்திருந்தால் உகாண்டா குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று கேட்டுக்கொண்டு இலவசமாகக் கொடுத்தார், அந்த மனுஷன் மேல் எனக்குத் தனி மரியாதை. ஆனால் லாட்ஜ் பக்கத்தை வங்காளியில் எழுத அது வேண்டாம். கல்கத்தாவிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர் உங்கள் பக்கத்தில் தேடுவது என்ன? அறையில் சமைக்கலாமா, அடுப்பு, பாத்திரம் தருவீர்களா, ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாமா. இதைத் தப்பில்லாமல் டைப் அடிக்க வேண்டும். விம் ஓடுவது டெர்மினலில், டெர்மினலோ ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கட்டம் என்று கணக்குப் பண்ணும். நம் எழுத்து அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. 'கொடுக்கப்படும்' என்று அடித்துப் பாருங்கள். 'கொ'வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், பல டெர்மினல்களில் அது உடைந்து தெரியும், இல்லையென்றால் கர்சர் ஓர் இடத்தில் இருக்க அழிவது வேறோர் இடத்தில் இருக்கும். வங்காளியிலும் இதே இருபக்க ஓகாரம் உண்டு, போதாததற்குக் கூட்டெழுத்துகள் வேறு. கேட், கோடியம் இரண்டிலும் இந்தத் தொல்லை இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழும், இந்திக்கு நோட்டோ சான்ஸ் தேவநாகரியும், நோட்டோ சான்ஸ் பெங்காலியும் சிஸ்டத்தில் இருந்தால் போதும், கோட் அடிக்கும் ஃபான்ட்டில் இல்லாத எழுத்தை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். விம்மில் ஒரு ஃபைலைத் திறக்க, திருத்த, சேமிக்க, வெளியே வர மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். என்றைக்காவது ராத்திரி சர்வருக்குள் நுழைந்து ஒரு வரி மாற்ற வேண்டிவரும். விம்டியூட்டர் என்று கூடவே பாடம் வருகிறது, அரை மணி நேர வேலை. ரூம்மேட்டுக்கு அது போதும்.

ஸெட் (Zed) வேகமானதுதான், ஆட்டம் (Atom) எடிட்டரை உருவாக்கியவர்கள் ரஸ்ட்டில் எழுதியது. 2024 ஜனவரியில் மூலநிரலைத் திறந்தார்கள், அதே வருஷம் ஜூலையில் லினக்ஸுக்கு வந்தது. ஆனால் லினக்ஸில் அதற்கு வல்கன் என்ற கிராபிக்ஸ் முறை ஓடுகிற ஹார்ட்வேர் வேண்டும், உங்கள் லேப்டாப்பில் அதை நம்பி இறங்க மாட்டேன். ஆட்டமே 2022 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. அதற்கு முந்தைய வருஷம் அடோபி தன் பிராக்கெட்ஸ் எடிட்டரைக் கைவிட்டது. இரண்டும் ஓப்பன் சோர்ஸ், அதனால் வேறு பெயர்களில் யாரோ தொடர்கிறார்கள், ஆனால் ஒரே கம்பெனியின் தயவில் ஓடும் எடிட்டர் என்றால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன். கேட்டும் கனமாகத் தெரிந்தால் ஜீனி (Geany) என்ற எடிட்டர் இருக்கிறது, இறகு மாதிரி ஓடும், பெரிய ஜாவாஸ்கிரிப்ட் வேலைக்குக் கொஞ்சம் பத்தாது.

போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். மின்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் சிஸ்டம் பேக்கேஜ், ஃபிளாட்பேக் என்று இரண்டு வகை காட்டும். சிஸ்டம் பேக்கேஜையே எடுங்கள். ஃபிளாட்பேக் தனி அடைப்புக்குள் ஓடும், சிஸ்டத்தில் நோடு நன்றாகவே இருந்தாலும் உள்ளிருந்து தேடும்போது அப்படி ஒன்றே இல்லை என்று சொல்லக்கூடும். இன்னொன்று, என்றைக்காவது நோடு சர்வர் டிவைஸில் இடமில்லை என்று நின்றுபோனால் உடனே போட்டோக்களை அழிக்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் டிஸ்க்கைப் பாருங்கள், அங்கே இடம் இருந்தால் தீர்ந்திருப்பது ஃபைல்களைக் கண்காணிக்க லினக்ஸ் வைத்திருக்கும் வரம்பு. ஐநோட்டிஃபை வாட்ச் என்று தேடினால் அதை 524288 ஆக உயர்த்தும் வழி கிடைக்கும், ஒரே ஒரு வரி.

கடைசியாக, கேட்காததற்கும் ஒரு பதில். லாட்ஜ்காரர்களிடம் அடுத்த பணம் வந்ததும் முதலில் ராம் போடுங்கள். லேப்டாப்பின் அடியைத் திறந்து இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா, உள்ளே இருப்பது டிடிஆர்3-ஆ, டிடிஆர்3எல்-ஆ, டிடிஆர்4-ஆ என்று பார்த்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள், டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 பொருந்தாது, 3எல் கேட்கும் லேப்டாப்பில் சாதா டிடிஆர்3 போடக்கூடாது. 8 ஜிபி ஆன பிறகு கோடியம்தான் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், அப்போது நான் தடுக்க மாட்டேன்.

அன்புடன்,
அண்ணன்