அனுமதி யார் கொடுத்தது?

கேள்வி: தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். கல்லூரி இணையதளத்தில் லாகின் செய்து என் மார்க்‌ஷீட்டைப் பார்த்தபோது, யூ.ஆர்.எல். கடைசியில் உள்ள பதிவெண்ணை மாற்றினால் மற்றவர்களுடையதும் திறந்தது. பாஸ்வேர்டு எதையும் உடைக்கவில்லை. ஆதாரம் வேண்டுமே என்று பைத்தானில் ஸ்கிரிப்ட் எழுதி 40 பேருடையதை இறக்கி வைத்திருக்கிறேன். கல்லூரியில் சொன்னால் பாராட்டுவார்களா, போலீசுக்குப் போவார்களா? சட்டப் பாடம் நமக்கெதற்கு என்றிருந்தவனுக்கு இப்போது தூக்கம் வரவில்லை.

பதில்: தம்பி, பயத்தில் எதையும் அவசரப்பட்டுச் செய்துவிடாதீர்கள். நீங்கள் கண்டுபிடித்தது நல்ல விஷயம். அதற்கு மேல் போன இடத்தில்தான் சிக்கல்.

‘பாஸ்வேர்டை உடைக்கவில்லை’ என்பதைப் பெரிதாக நம்புகிறீர்கள். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43-ஆம் பிரிவில் பூட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கணினியின் உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதிக்காமல் உள்ளே போனீர்களா, தரவை நகலெடுத்தீர்களா என்றுதான் கேட்கிறது. சர்வர் 200, அதாவது ‘சரி, இதோ பக்கம்’ என்று பதில் தந்ததே என்பீர்கள். அது மென்பொருள் தந்த பதில். அனுமதி தர வேண்டியவர் மனிதர். 43-ஆம் பிரிவில் நஷ்டஈடு கேட்கலாம். அதே செயலை நேர்மையற்ற எண்ணத்தோடோ மோசடியாகவோ செய்தால் 66-ஆம் பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

உங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை, நம்புகிறேன். ஆனால் எண்ணத்தை நீங்கள் செய்த காரியத்திலிருந்துதான் மற்றவர்கள் எடை போடுவார்கள். ஒரு பக்கம் திறந்ததும் நிறுத்தியிருந்தால் தற்செயல் என்று சொல்லிவிடலாம். ஸ்கிரிப்ட் எழுதி 40 என்றால், ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

சில ஆண்டுகளுக்கு முன் தம்பு செட்டித் தெருவில் என் வக்கீல் அறைக்கு ஒரு பையனும் அப்பாவும் வந்தார்கள். இதே மாதிரி ஒரு ஓட்டை. அவன் ஸ்கிரீன்ஷாட்டை வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். “எல்லாருக்கும் தெரியட்டும்னுதான் சார்” என்றான். லேப்டாப்பைப் பறிமுதல் செய்த மகஜரின் நகலை அப்பா சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்திருந்தார், மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. இறுதியாண்டு பிராஜெக்ட் முழுக்க அந்த லேப்டாப்பில்தான் இருந்தது. வழக்கு பிறகு தீர்ந்தது, அந்த ஆண்டு போனது போனதுதான்.

அதனால் யாருக்கும் அனுப்பாதீர்கள், இனி அந்தத் தளத்தைச் சோதிக்காதீர்கள். கோப்புகளைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு இருந்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். யார் எப்போது எதைத் திறந்தார் என்று சர்வர் எழுதிவைக்கும் லாகில் உங்கள் லாகின் இருக்கும். பிறகு தெரியவந்தால் மறைத்ததாகத்தான் படும். துறைத் தலைவருக்கும் முதல்வருக்கும் கடிதம் எழுதுங்கள்: எந்தத் தேதி, எந்தப் பக்கம், எப்படித் திறந்தது, 40 கோப்புகள் உங்களிடம் உள்ளன, வேறு யாரிடமும் இல்லை, அவர்கள் சொல்லும் விதத்தில் அழிக்கத் தயார். வெகுமதி என்ற சொல்லே கடிதத்தில் வரக்கூடாது. பணம் கேட்டால் அது மிரட்டலாகப் படிக்கப்படும். கல்லூரி கண்டுகொள்ளாவிட்டால், இப்படிப்பட்ட ஓட்டைகளைத் தெரிவிக்க மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு இருக்கிறது. அங்கேயும் விவரத்தை மட்டும் சொல்லுங்கள், மார்க்‌ஷீட்டுகளை இணைக்காதீர்கள்.

சட்டப் பாடம் எதற்கு என்றீர்களே, வகுப்பில் ஹாஷ் படித்திருப்பீர்கள், ஒரு கோப்பின் கைரேகை மாதிரியான குறியீடு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்தின்படி, மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது இணைக்கும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும், எஸ்.ஹெச்.ஏ.-256 போல எந்த முறையில் கணக்கிட்டது என்ற பெயரோடு. வக்கீல்களில் பலர் அதைப் புரிந்துகொள்ளத் திணறுகிறோம், உங்களுக்கு அது ஒரு வரி கோடு. அதேபோல் வேலையில் சேர்ந்து எழுதும் கோடு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லையென்றால், நிறுவனத்துக்கே சொந்தம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

கடிதத்தை இன்றே எழுதுங்கள். தனியாகப் போகாமல் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கொடுத்ததும் உங்கள் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.