டென்ட், கடலோர நடை, பப்: போகலாமா என்று கேட்ட தங்கைக்கு

இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கு வந்து எட்டு மாதம் ஆன கோயம்புத்தூர்த் தங்கை ஒருவர் கேட்டிருந்தார். ஆகஸ்ட் கடைசி வாரம், வங்கி விடுமுறைத் திங்களையும் சேர்த்து, கணவரின் அலுவலகத்து நான்கு குடும்பங்கள் வேல்ஸில் பெம்புரோக்‌ஷயர் கடற்கரைக்குப் போய் டென்ட் போட்டுத் தங்கப்போகிறார்களாம். பகலில் கடலோர நடை, சாயங்காலம் பப். "எங்களையும் கூப்பிடுகிறார்கள் அக்கா. நாங்கள் சைவம், இருவரும் குடிப்பதில்லை, மகளுக்கு ஆறு வயது. பொதுக் கழிப்பறை வேறு. காசு கொடுத்துத் தரையில் எதற்குப் படுக்க வேண்டும்? ஏதாவது சாக்குச் சொல்லிவிடலாமா?"

சாக்குச் சொல்ல வேண்டாம், போய் வாருங்கள். பதினேழு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் கேட்டேன். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. அங்கே கடல் என்றால் மீன், உப்பு, துறைமுகம். பொழுது சாய்ந்தால் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்போம், அவ்வளவுதான். கடலை ஒட்டி ஒருவர் பத்து மைல் சும்மா நடந்தால், பாவம், வீட்டில் ஏதோ பிரச்சினை போல என்று பேசிக்கொள்வார்கள். இங்கே அதையே விடுமுறை என்கிறார்கள். எனக்குப் புரிய இரண்டு கோடை ஆயிற்று.

டென்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த வருடம் வாங்காதீர்கள், யாரிடமாவது இரவல் கேளுங்கள். இந்த ஊரில் பாதிப் பேர் வீட்டுப் பரணில் ஒரு டென்ட் தூங்கிக்கொண்டிருக்கும். ராத்திரிக் குளிர் தரையிலிருந்துதான் ஏறும். காற்றடைத்த மெத்தையை மட்டும் நம்பினால் விடியும்வரை முதுகு சில்லென்று இருக்கும். ஊரிலிருந்து பவானி ஜமக்காளம் கொண்டுவந்திருந்தால் மெத்தைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று விரியுங்கள். ஆகஸ்டிலும் இரவில் பன்னிரண்டு டிகிரிக்குப் போகும். மகளுக்குக் கம்பளித் தொப்பி கட்டாயம். அப்புறம் காற்று. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்போமே, அந்தக் கரையில் ஆவணியிலும் ஆடிக்காற்றுதான். கயிறுகளை எல்லாம் இழுத்துக் கட்டி, முளைகளைச் சாய்வாக அடியுங்கள். வானம் நன்றாகத்தானே இருக்கிறது என்று நாங்கள் நான்கு கயிற்றைக் கட்டாமல் விட்டோம். அதிகாலை மூன்று மணிக்கு டென்ட் எங்கள் முகத்தின்மேல் படுத்திருந்தது.

மின்சாரம் உள்ள இடமாகப் பதிவு செய்திருந்தால், வீட்டுக் கெட்டிலைக் கொண்டுபோகாதீர்கள். பல முகாம்களில் ஒரு டென்டுக்குப் பத்து ஆம்பியர்தான் கிடைக்கும், அதாவது 2,300 வாட். வீட்டுக் கெட்டில் 3,000 வாட் கேட்கும். நான் காலை ஆறரைக்குக் காபிக்குத் தண்ணீர் வைத்து, எங்கள் கம்பத்தில் சுவிட்ச் விழுந்து, முகாம்காரரை இரவு உடுப்போடு எழுப்பி வரவழைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. சிறிய கேஸ் அடுப்பு போதும். அதை டென்டுக்கு வெளியே வைத்தே சமையுங்கள். கரி அடுப்பை மட்டும், அணைந்துபோனது என்றாலும், மழையே வந்தாலும், டென்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

கழிப்பறை நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இருக்காது. ஏழு மணிக்கு முன்னால் எழுந்தால் வரிசையில்லாமல் குளித்துவிடலாம். செருப்பு, டார்ச், துணி மாட்ட ஒரு கொக்கி எடுத்துப் போங்கள். கொக்கி ஏன் என்று அங்கே போனதும் தெரியும்.

சரி, நடைக்கு வருகிறேன். பெம்புரோக்‌ஷயர் கடலோரம் 1952இலிருந்து தேசியப் பூங்கா. அதன் ஓரத்தில் 1970இல் திறந்த நடைபாதை 186 மைல் நீளம், கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். முழுவதும் நடந்து முடித்தால் ஏறியது மொத்தம் 35,000 அடி என்கிறார்கள். எவரெஸ்டே 29,032 அடிதான். பயப்பட வேண்டாம், உங்களோடு வருகிறவர்கள் ஒரு நாளைக்கு நாலைந்து மைல்தான் நடப்பார்கள். ஆனால் அந்த ஏற்ற இறக்கம் கால் முட்டிக்குத் தெரியும். தட்டையான ரெடிங் பூங்காவில் நடக்கும் கணக்கை இங்கே போடாதீர்கள். குழந்தையோடு என்றால் ஒரு மைலுக்கு நாற்பது நிமிடம் வையுங்கள். மகளைப் பாறை விளிம்புப் பக்கம் விடாமல் உள்பக்கமாகக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். பெரும்பாலான இடங்களில் வேலியே இருக்காது.

எந்த நடை என்று உங்களைக் கேட்டால், அபரெய்தியிலிருந்து போர்த்கைன் என்று சொல்லுங்கள். இரண்டு மைலுக்கும் குறைவு, ஆறு வயதுக் கால் தாங்கும். அபரெய்தியில் மணல் கறுப்பாக இருக்கும், ஸ்லேட் என்கிற பலகைக்கல்லின் நிறம் அது. பக்கத்திலேயே பழைய பலகைக்கல் குவாரி ஒன்று. அது மூடிய பிறகு பாறையைப் பிளந்து கடலை உள்ளே விட்டார்கள். இப்போது பச்சையும் நீலமும் கலந்த ஆழமான குளம். புளூ லகூன் என்று பெயர். அதில் பாறைமேலிருந்து குதிக்கிறவர்களை மகள் பார்த்தால் அரை மணி நேரம் நகரமாட்டாள். பிறகு மேட்டில் ஏறி, ட்ரேத் லிவ்ன் என்ற கடற்கரையை மேலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். ட்ரேத் என்றால் வெல்ஷில் கடற்கரை. அடுத்த சொல்லில் உள்ள இரட்டை 'எல்' நம் வாயில் வராது. நம் ழகரத்தை அவர்களிடம் சொல்லச் சொல்லிப் பழி தீர்த்துக்கொள்ளலாம்.

பாதை இறங்கும் இடம் போர்த்கைன். துறைமுகத்தை ஒட்டிக் கோட்டைச்சுவர் போலச் செங்கல்லில் உயர்ந்து நிற்பவை, சாலை போடும் சரளைக்கல்லைக் கொட்டி வைத்த தொட்டிகள். அங்கிருந்து கல் கப்பலேறியது. 1931இல் வேலை நின்றுபோனது. அந்தக் கல்லுடைத்தவர்களும் கப்பல்காரர்களும் குடித்த பப் இன்னும் இருக்கிறது: ஸ்லூப் இன், 1743இலிருந்து. ஸ்லூப் என்பது ஒருவகைப் பாய்க்கப்பல்.

உங்களுக்கு உண்மையில் உறுத்துவது பப்தான் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பார் என்றால் டாஸ்மாக் ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகக் கடந்து போன நினைவுதானே நமக்கு. முதல் தடவை நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே ஒரு பாட்டி குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், ஒரு நாய் நடு வழியில் படுத்திருந்தது, இரண்டு பிள்ளைகள் தரையில் சீட்டாடினார்கள். என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பப் என்பது பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம். டென்டில் தங்குகிறவர்களுக்கு அது இன்னும் அதிகம்: நனைந்த சட்டை காய்கிற இடம், நாற்காலியில் சாய்ந்து உட்காருகிற ஒரே இடம், போனுக்குச் சார்ஜ் ஏறுகிற இடம். மூன்று நாள் புல்லில் உட்கார்ந்த பிறகு முதுகு சாய்க்க ஒரு நாற்காலி கிடைப்பதன் அருமை அப்போது தெரியும். குடிக்காதவர்கள் எதற்குப் பப் போக வேண்டும் என்ற கேள்வியே மழை பெய்யும்வரைதான்.

நடைமுறைகள் சில உண்டு. உட்கார்ந்தால் யாரும் வந்து கேட்கமாட்டார்கள். கவுன்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே காசு கொடுத்து, கையில் வாங்கி வர வேண்டும். வரிசை இருப்பதாகத் தெரியாது, ஆனால் யாருக்குப் பிறகு யார் என்று நிற்கிற எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டுக்கு மேசை எண்ணைச் சொல்லுங்கள். கூட்டத்தில் ஒருவர் "உனக்கு என்ன?" என்று கேட்டால், அவர் எல்லோருக்கும் சேர்த்து வாங்குகிறார்; அடுத்தடுத்து ஆளுக்கொரு முறை. நீங்கள் எலுமிச்சைச் சோடாதான் குடிக்கிறீர்கள் என்றாலும் உங்கள் முறை வரும்போது எழுந்து போங்கள். அவர்களுடைய பியர் உங்கள் சோடாவைவிட எவ்வளவோ விலை அதிகம்தான். அந்தக் கணக்கை அங்கே பார்க்காதீர்கள். நாலு நாள் பழக்கத்தில் நட்பு ஒட்டுவதோ ஒட்டாததோ பெரும்பாலும் இதில்தான்.

ஒன்றை மறக்காதீர்கள். இங்கே சைடர் என்றால் ஆப்பிள் ஜூஸ் இல்லை, ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மது; பியர் அளவுக்கோ அதற்கு மேலோ ஏறும். ஆப்பிள் படம் போட்ட பாட்டிலைப் பார்த்து என் மாமியார் ஒரு தடவை அரை கிளாஸ் குடித்துவிட்டார். நன்றாக இருக்கிறதே என்றார், நாங்களும் விளக்கவில்லை. லெமனேட் கேட்டால் நம் எலுமிச்சை ஜூஸ் வராது, இனிப்பான சோடா வரும். ஜிஞ்சர் பியர் பெயரில்தான் பியர், ஆனால் சாராயம் சேர்த்ததும் விற்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். மகளைப் பெரும்பாலான பப்புகளில் உங்களோடு உள்ளே விடுவார்கள், பலவற்றில் ஒன்பது மணி வரை.

சைவத்துக்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கிளமார்கன் சாசேஜ் என்று பட்டியலில் இருந்தால் பெயரைப் பார்த்துத் தள்ளிவிடாதீர்கள். சீஸ், லீக்ஸ் தாள், ரொட்டித்தூள் சேர்த்துப் பொரித்தது, கறி கிடையாது. மாறாக, வெல்ஷ் ராரெபிட் வெறும் சீஸ் ரொட்டி மாதிரி இருக்கும். அதில் பெரும்பாலும் ஊஸ்டர் சாஸ் விடுவார்கள், அந்த சாஸில் நெத்திலி மீன் இருக்கிறது. கவ்ல் சூப் ஆட்டுக்கறி. உருளை வறுவலை எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்றும் கேட்டுவிடுங்கள், சில இடங்களில் மாட்டுக் கொழுப்பு. கேட்பதில் வெட்கமில்லை, தினமும் யாராவது கேட்கிற கேள்விதான். அதைவிட முக்கியம் சமையலறை நேரம். பப் நாள் முழுதும் திறந்திருக்கும், அடுப்பு அப்படியில்லை. ஒரு முறை ஏழு மைல் நடந்து மதியம் இரண்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். "சமையலறை இரண்டரைக்கே மூடியாயிற்று, வேண்டுமானால் சிப்ஸ் பாக்கெட் இருக்கிறது" என்றார்கள். அன்றிலிருந்து என் பையில் புளியோதரை இல்லாமல் நான் நடப்பதில்லை.

அதே மாதிரி ஒரு பப்பில்தான் கடல் எனக்குப் பாடம் நடத்தியது. பிராட் ஹேவனிலிருந்து லிட்டில் ஹேவனுக்கு நீர் வற்றியிருக்கும்போது மணலிலேயே நடந்து போகலாம். போனோம், சாப்பிட்டோம், பேசிக்கொண்டிருந்தோம். வெளியே வந்து பார்த்தால் வந்த வழியைக் காணோம், பாறை வரைக்கும் அலை. தூத்துக்குடியில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள்தான், அதனால் ஓதம் என்ற ஒன்றை நான் கவனித்ததேயில்லை. இங்கே மில்ஃபோர்டு ஹேவன் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஆறு மீட்டருக்கு மேல் ஏறும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுச் சாலையில் சுற்றி வந்தோம். முகாம் அலுவலகத்தில் ஓத அட்டவணை ஒட்டியிருப்பார்கள். காலையிலேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மகள் கடலில் இறங்குவாள், தடுக்க முடியாது. சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் விடுங்கள், உயிர்காப்பாளர்கள் பார்ப்பது அந்த இடத்தைத்தான். ஆகஸ்ட் கடைசியிலும் தண்ணீர் பதினாறு, பதினேழு டிகிரிதான், குளிர் தாங்கும் நீச்சல் உடையான வெட்சூட் ஒன்று வாங்குங்கள். காலில் ரப்பர் செருப்பும் வேண்டும். வீவர் என்றொரு சின்ன மீன் மணலுக்குள் புதைந்திருக்கும், அதன் முள் குத்தினால் பெரியவர்களே அழுவார்கள். குத்தினால், தாங்குகிற அளவு சுடுதண்ணீரில் காலை வைத்திருந்தால் வலி இறங்கும். யாராவது ஆபத்தில் மாட்டியதைப் பார்த்தால் நீங்கள் இறங்காமல் 999 அழைத்து கோஸ்ட்கார்டு என்று கேளுங்கள்.

இன்னொன்று, ராத்திரி பப்பிலிருந்து திரும்பும்போது பாறைப் பாதையில் வராதீர்கள். ஆகஸ்ட் கடைசியில் எட்டேகாலுக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். ஊருக்குள் போகிற சாலையில் டார்ச்சோடு வாருங்கள். குடிக்காத ஆள் என்று உங்கள் வீட்டுக்காரரை நாலு நாளும் கார் ஓட்டியாக ஆக்கப் பார்ப்பார்கள். முதல் நாள் மட்டும் ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை டென்டை அநேகமாக ஈரத்தோடுதான் மடிப்பீர்கள். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் வீட்டுக்கு வந்த அன்றே பிரித்துக் காயப் போடுங்கள், இரண்டு மூன்று நாள் விட்டாலே பூஞ்சை பிடித்துவிடும், இரவல் கொடுத்தவர் முகத்தில் முழிக்க முடியாது. தோட்டம் இல்லை என்றால் கதவுகளின் மேல் தொங்க விடுங்கள். எங்கள் வீட்டில் மாடிப்படிக் கைப்பிடியில் தொங்கும். இரண்டு நாளைக்கு அதற்குள் நுழைந்துதான் மாடிக்குப் போவோம்.