காபிக் கணக்கைவிட அந்தப் பத்து நிமிடம் முக்கியம்

ஒரு நாளில் ஐந்து காபி, இரவு வேலையில் மூன்று பெரிய டின் எனர்ஜி டிரிங்க் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டு, பக்கவாதம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வாரத்துக்கு முன்பு வலது கையிலிருந்து பேனா நழுவியதும், பத்து நிமிடம் பேச்சு குழறியதும் ஒற்றை வரியில் வந்துபோகின்றன. என்னை உறுத்துவது அந்த வரிதான்.

வலது கை, பேச்சு இரண்டையும் பெரும்பாலும் மூளையின் இடது பக்கமே இயக்குகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் தடுமாறியதைக் காபிப் படபடப்பு என்று தள்ளிவிட முடியாது. தற்காலிகப் பக்கவாதம் என்றே சந்தேகிக்கிறேன். ரத்தக்குழாயில் வந்த அடைப்பு தானே விலகினால் கை சரியாகிவிடும், ஆபத்து விலகாது. முதல் இரண்டு நாள்தான் மிக மோசமான கட்டம், அதை ஏதோ கடந்துவிட்டீர்கள். இன்றே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மூளை ஸ்கேன், கழுத்து ரத்தக்குழாயில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன், ஈசிஜி, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்க்க வேண்டும். பிரஷர் இதுவரை பார்த்ததே இல்லை என்கிறீர்களே, முதலில் அது!

மறுபடி வாய் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம். அன்று இணையத்தில் பார்த்து ஆஸ்பிரின் விழுங்கினீர்களே, தயவுசெய்து இனி அப்படிச் செய்யாதீர்கள். அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுக்காமல் எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கசிவாக இருந்தால் அந்த மாத்திரை அதை இன்னும் மோசமாக்கும்.

கண்ணிமை துடிப்பதையும், காபி குடிக்காத நாளில் வரும் தலைவலியையும் எழுதியிருக்கிறீர்கள், அவற்றைப் பக்கவாதத்தோடு சேர்க்காமல் மறந்துவிடுங்கள்.

காபி குடித்தாலே பக்கவாதம் என்று பரவும் வீடியோக்களை நம்ப வேண்டாம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளில் 400 மில்லிகிராம் காஃபின் வரை பொதுவாகப் பாதகமில்லை, சுமார் நான்கு கப். நீங்கள் போவது அதைப்போல் இரண்டு மடங்கு. காஃபின் சில மணி நேரத்துக்குப் பிரஷரை ஏற்றும். ஏற்கெனவே கட்டுப்பாடில்லாத பிரஷர் இருப்பவருக்கு அந்த ஏற்றம் ஆபத்து. டின்களை இன்றோடு விடுங்கள், காபியைச் சில நாள் இடைவெளியில் ஒவ்வொரு கப்பாகக் குறையுங்கள்.

மருத்துவரிடம் நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். அன்று பக்கத்திலிருந்த மனைவியையும் அழைத்துப் போங்கள். உங்கள் வாய் கோணியதா, எந்தப் பக்கம் என்று அவர்தான் பார்த்திருப்பார்.