பனியில் வண்டி ஓட்டாமல் பணத்தை நேரே கொடுத்துவிடலாமே என்று கேட்பவருக்கு

புற்றுநோயிலிருந்து மீண்ட ஒருவர், நோயுற்றவர்களின் குடும்பங்களுக்கு உதவவென்று நிதி திரட்டும் ஸ்னோமொபைல் (பனிவண்டி) ஓட்டத்தில் கலந்துகொள்வதால் என்ன பயன், அந்தப் பணத்தை அவர் நேரடியாகவே கொடுத்துவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக உங்களுக்கு நெருங்கிய ஒருவர் இந்தக் குளிர்காலத்தில் அப்படியொரு ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்திருப்பார், அவருடைய உடம்பை நினைத்து நீங்கள் பயப்படுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். என் உறவினர்களும் இதையே கேட்டார்கள். உங்களைப் போல் பண்பாகக் கேட்கவில்லை.

நான் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் வடக்கில், சட்பரியில் வசிக்கிறேன். எனக்கு வந்தது பெருங்குடல் புற்றுநோய். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஏற்றிய கீமோ மருந்துகளில் ஒக்சாலிபிளாட்டினும் ஒன்று. அந்த மருந்து உடம்பில் இருக்கும் நாட்களில் குளிர்ந்த எதையும் தொட முடியாது. விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோல் இருக்கும், குளிர்ந்த நீரை ஒரு மிடறு குடித்தாலும் தொண்டை இறுகும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பால் எடுப்பதற்குக்கூடக் கையுறை அணிந்த எனக்கு, வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே இருபது பாகைக்கு இறங்கும் ஊரில் பனிவண்டி எதற்கு என்று என் அக்கா தொலைபேசியில் அழுதது நியாயம்தான்.

ஆனால் நான் ஓடிப்போய் ஏறிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலரும் என்னைப் பொறுப்பில்லாதவள் என்று நினைக்கிறார்கள். சிகிச்சை முடிந்து ஓராண்டுக்கு மேல் கழிந்து, குளிரால் வரும் வலி முற்றாக நீங்கி, பாதங்களில் மட்டும் சிறிது மரத்த தன்மை எஞ்சியிருந்த நிலையில், என் புற்றுநோய் வைத்தியரிடம் கேட்டு அவர் சம்மதித்த பின்னரே பெயரைப் பதிந்தேன். ஸ்னோமொபைலில் வலது கைப் பெருவிரலால் அழுத்தி வேகத்தைக் கூட்ட வேண்டும், இடது கையால் பிரேக்கைப் பிடிக்க வேண்டும்; ஆகவே விரல்களில் உணர்ச்சி சரியாக இருப்பது இன்றியமையாதது. கைப்பிடிகளைச் சூடாக்கும் வசதி இருக்கிறது. ஒன்ராறியோவின் பனித்தடங்களில் மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டக் கூடாது. நிக்கல் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற எங்கள் அயலவர், தன்னுடைய வண்டியொன்றைத் தந்து, வெட்டவெளியில் பொறுமையாகப் பழக்கினார். ஓட்டத்தன்று அணியின் நடுவில், எனக்கு முன்னும் பின்னும் அனுபவசாலிகள் வர, நிதானமாகவே சென்றேன்.

இனி உங்கள் கேள்வியின் மையத்திற்கு வருகிறேன். கனடாவில்தான் வைத்தியம் இலவசமாயிற்றே, குடும்பங்களுக்கு என்ன உதவி வேண்டியிருக்கிறது என்று ரொறன்ரோவில் இருக்கும் நம்மவர்கள் கேட்பார்கள். வைத்தியரின் கட்டணத்தையும் மருத்துவமனைக் கட்டிலையும் மாகாணக் காப்புறுதி பார்த்துக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால் வடக்கில் டிம்மின்ஸ் போன்ற ஊர்களிலிருந்து கதிர்வீச்சுச் சிகிச்சைக்காகச் சட்பரிக்கு வருபவர்கள், வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரங்கள் வர வேண்டும். அதற்காக ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தினமும் போய்வர இயலாது. குழந்தைக்கு நோய் என்றால் பெரும்பாலும் 400 கிலோமீற்றர் தெற்கே ரொறன்ரோவுக்குப் போக வேண்டியிருக்கும். தாயோ தந்தையோ சம்பளமின்றி விடுப்பு எடுக்கிறார்கள், மற்றப் பிள்ளைகளை யாரோ பார்த்துக்கொள்ள வேண்டும், எரிபொருளுக்கும் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் கையிலிருந்து செலவாகிறது. வடபகுதி மக்களுக்கென்று மாகாணம் தரும் பயண மானியமும் பொதுவாக முதலில் செலவழித்துவிட்டுப் பின்னர் விண்ணப்பித்துப் பெற வேண்டியதே. கையில் காசில்லாதவர் முதலில் எதைக் கொண்டு செலவழிப்பது? எனக்குப் பக்கத்து நாற்காலியில் கீமோ ஏற்றிக்கொண்ட ஒரு பெண்ணின் கணவர், விடுதிக்குக் கொடுக்கப் பணமில்லாமல் தன் வாகனத்திலேயே இரவுகளைக் கழித்தார். அந்த வாகனத்தை நிறுத்துவதற்கும் மருத்துவமனை கட்டணம் வாங்கியது. உயிருக்குப் போராடுபவர்களின் குடும்பங்களிடம் தரிப்பிடக் கட்டணம் அறவிடுவதை எந்த விளக்கத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை. இதைச் சொன்னால் பராமரிப்புச் செலவைப் பற்றி என்னிடம் வாதிட வருவார்கள், வரட்டும்.

நேரே கொடுக்கலாமே என்றால், கொடுத்தேன். என் சம்பளத்தில் ஒரு தொகைதான் அது. ஆனால் வாக்குறுதித் தாளை எடுத்துக்கொண்டு வேலையிடத்திலும் அயலிலும் சென்று, நான் இந்தக் குளிரில் இத்தனை கிலோமீற்றர் ஓட்டப் போகிறேன், நீங்கள் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டபோது, நான் எலும்பும் தோலுமாய் இருந்ததைப் பார்த்தவர்கள் மறுக்கவில்லை. யாருக்கும் தாமாகக் காசோலை எழுதி அனுப்பும் பழக்கமில்லாத மனிதர்கள் அவர்கள். எரிபொருளும் தட அனுமதிச் சீட்டும் என் சொந்தச் செலவு. திரட்டியதில் ஒரு சதமும் அதற்குப் போகவில்லை.

புற்றுநோயால் ஒரு காலை இழந்து, அந்த நோய்க்கான ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 1980இல் செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே ஓடிய இளைஞர் டெரி பொக்ஸ் வீட்டிலிருந்தபடி கடிதம் எழுதியும் நிதி கேட்டிருக்கலாம். அவர் 5,373 கிலோமீற்றர் ஓடி, புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பேக்கு அருகில் நிறுத்த வேண்டியிருந்தது. ஆனால் அடுத்த ஆண்டு பெப்ரவரிக்குள், கனடியர் ஒருவருக்கு ஒரு டொலர் என்ற அவருடைய கனவு 2 கோடியே 40 இலட்சம் டொலரைத் தாண்டி நிறைவேறியது. அது ஆராய்ச்சிக்கான நிதி, எங்களுடையது குடும்பங்களுக்கான சிறு உதவி, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. மக்கள் ஏன் கொடுக்கிறார்கள் என்பதற்காகவே சொல்கிறேன். பனிவண்டியையே நிதி திரட்டப் பயன்படுத்துவதும் புதிதல்ல; மல்யுத்த வீரர் விப்பர் பில்லி வாட்சன் 1970களிலேயே உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்காக ஒன்ராறியோவில் 'ஸ்னோவராமா' ஓட்டங்களைத் தொடங்கிவைத்தார்.

பனிவண்டி வெறும் பொழுதுபோக்குச் சாமான் என்று எண்ணுபவர்கள் அதன் வரலாற்றையும் அறிய வேண்டும். கியூபெக்கின் வல்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியேயின் சிறு மகன் 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் குடல்வால் அழற்சியால் இறந்தான். பனி மூடிய வீதிகளைக் கடந்து அவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் போயிற்று. பனிமேல் ஓடும் வாகனத்தை உருவாக்க ஏற்கெனவே உழைத்துவந்த அந்தத் தந்தை விடாமல் முயன்றார், 1959இல் அவருடைய நிறுவனத்தின் 'ஸ்கி-டூ' என்ற பனிவண்டி விற்பனைக்கு வந்தது. 1964இல் அவரும் புற்றுநோயால் இறந்தார்.

உங்களவரைத் தடுக்காதீர்கள். வைத்தியரின் சம்மதம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டத்தை நடத்தும் அமைப்பு கனடா வருமான முகவரகத்தில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனமா, திரட்டும் பணத்தில் எவ்வளவு குடும்பங்களின் கைக்குப் போகிறது, போதிய பனியில்லாமல் ஓட்டம் ரத்தானாலும் வாக்களித்த தொகையை வாங்குவார்களா என்று கேளுங்கள். பதில்கள் திருப்தியாக இருந்தால் அவருடைய தாளில் உங்கள் பெயரை முதலாவதாக எழுதுங்கள்.