ஆயிரம் படங்கள், ஒரு ப்ரீசெட்: எடிட்டிங் வேலை வேகமாக என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஒரு நிகழ்ச்சிக்கு ஆயிரத்துக்கு மேல் படம் எடுக்கிறேன், எடிட் செய்து முடிக்க ஒரு வாரம் ஆகிறது. காசு கொடுத்து வாங்கிய ப்ரீசெட்டுகளை, அதாவது முன்பே சேமித்து வைத்த எடிட் அமைப்புகளை, போட்டாலும் ஒரு படம் மஞ்சளாக, அடுத்தது நீலமாக வருகிறது. லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் எதை மாற்றினால் வேலை சீக்கிரம் முடியும்?

படங்களை இறக்கியதும் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ப்ரீசெட்டை அழுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் மூன்று வருடம் அப்படித்தான் செய்தேன். ஒரு குடும்ப நிகழ்ச்சியின் படங்களை அப்படி முடித்துக் கொடுத்தபோது, அந்த வீட்டுப் பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “எங்க அம்மா முகம் ஏன் சாம்பல் பூசின மாதிரி இருக்கு?” அம்மா நல்ல மாநிறம். படத்தில் அவர் நிறமே போயிருந்தது. அத்தனை படங்களையும் மறுபடி முதலிலிருந்து செய்து கொடுத்தேன். ப்ரீசெட்டுக்குள் என்னதான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் திறந்து பார்த்தேன்.

நீங்களும் ஒன்றைத் திறந்து பாருங்கள். லைட்ரூம் ப்ரீசெட் இப்போது எக்ஸ்எம்பி ஃபைலாக இருக்கிறது, நோட்பேடிலேயே திறக்கும். வரிசையாக ஸ்லைடர் பெயரும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கும், அவ்வளவுதான். எக்ஸ்போஷர், ஹைலைட், ஷேடோ என்ற பெயர்களின் வாலில் 2012 என்று ஒட்டியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அந்த ஸ்லைடர்கள் வேலை செய்யும் விதத்தை அடோபி 2012-ல் மாற்றி அமைத்தது, பெயர் அப்படியே தங்கிவிட்டது.

நான் திறந்த ஃபைலில் மூன்று வரிகள் கண்ணில் பட்டன. முதல் வரி, கலர் டெம்பரேச்சர் 5600, அதாவது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண். பகல் வெயிலுக்கு அது சரிதான். ஆனால் மஞ்சள் பல்பின் வெளிச்சம் 3000 கெல்வினுக்குப் பக்கத்தில் இருக்கும், திறந்த நிழலின் வெளிச்சம் 7000-ஐத் தாண்டும். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் படத்தில்) எல்லாவற்றுக்கும் 5600 என்று திணித்தால் பல்புக்குக் கீழே எடுத்தது ஆரஞ்சாகும், நிழலில் எடுத்தது நீலமாகும். உங்களுக்கு வரும் மஞ்சளும் நீலமும் பெரும்பாலும் இதனால்தான். இரண்டாவது வரி, எக்ஸ்போஷர் அரை ஸ்டாப் கூட்டல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). அந்த ப்ரீசெட்டைச் செய்தவர் கொஞ்சம் இருட்டாக எடுக்கும் பழக்கம் உள்ளவராக இருக்கலாம். சரியான வெளிச்சத்தில் எடுத்த என் படங்களில் வெள்ளைத் துணியின் மடிப்பே தெரியாமல் போனது அதனால்தான்.

மூன்றாவது வரிதான் அந்த அம்மாவின் முகத்தைக் கெடுத்தது: ஆரஞ்சு நிறத்தின் சேச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) குறைத்து, லூமினன்ஸை (பிரகாசத்தை) கூட்டியிருந்தார்கள். வெள்ளையோ கறுப்போ மாநிறமோ, மனிதத் தோல் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சுப் பட்டையில்தான் விழும். வெளிர் தோலில் அந்த மாற்றம் பளிச்சென்று இருக்கும். மாநிறத்திலும் கருநிறத்திலும் நிறம் வற்றி, வெளிச்சம் மட்டும் ஏறி, சாம்பல் ஆகிவிடும். ஃபிலிம் காலத்தில் கோடாக், கலர் பிரின்ட் சரிபார்ப்பதற்காக லேப்களுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அனுப்பிவந்தது, ‘ஷெர்லி கார்டு’ என்று அதற்குப் பெயர். யார் முகத்தை வைத்துச் சரிபார்க்கிறோமோ அந்த முகத்துக்குத்தான் நிறம் சரியாக வரும். ப்ரீசெட் விற்பவரின் மாதிரிப் படங்களில் நீங்கள் எடுக்கும் மனிதர்களின் தோல் நிறம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அதை வாங்காதீர்கள். இதை நான் ரொம்ப அழுத்தமாகவே சொல்வேன்.

சரி, வேகத்துக்கு வருவோம். ஒரு வாரம் எங்கே போகிறது என்று கணக்குப் போட்டால், பாதிக்கு மேல் படம் பொறுக்குவதில் போயிருக்கும். அதையும் எடிட்டிங்கையும் கலந்து செய்யாதீர்கள். முதல் சுற்றில் ஒரு ஸ்லைடரையும் தொடக்கூடாது. லைட்ரூம் கிளாசிக்கில் கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டு, வேண்டிய படத்துக்கு ‘பி’, வேண்டாததற்கு ‘எக்ஸ்’ என்று அழுத்தினால் தானாகவே அடுத்த படத்துக்குப் போய்விடும். படத்துக்கு மூன்று வினாடி என்றால் 1200 படங்களுக்கு ஒரு மணி நேரம். ‘இதைக் கொஞ்சம் க்ராப் செய்தால் நன்றாக இருக்குமோ’ என்று தோன்றும்போது கையை மவுஸில் வைக்காதீர்கள். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம் செலவழித்த பிறகு அதை எக்ஸ் போட மனம் வராது, அடுத்ததிலேயே கண் திறந்த படம் இருந்தாலும்.

படம் திரையில் தெளிவாக வர ஒவ்வொன்றுக்கும் காத்திருக்கிறீர்கள் என்றால், இம்போர்ட் செய்யும்போது ப்ரிவ்யூ இடத்தில் ‘எம்பெடட் அண்ட் சைட்கார்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேமரா ஒவ்வொரு ரா ஃபைலுக்குள்ளும் ஒரு ஜேபெக்கை வைத்தே அனுப்புகிறது, அதை அப்படியே காட்டும். ஃபோட்டோ மெக்கானிக் என்ற மென்பொருள் அவ்வளவு வேகமாக இருப்பதற்கும் அதுதான் காரணம். விளையாட்டு, செய்திப் படம் எடுப்பவர்கள் அதை விடாமல் வைத்திருப்பது இதற்காகவே. உங்கள் அளவுக்கு அது கட்டாயம் இல்லை.

பொறுக்கிய பிறகு கையில் 350 படங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இப்போதும் ப்ரீசெட் வேண்டாம். முதலில் வெளிச்சத்தை வைத்துக் கூட்டம் பிரியுங்கள். வாசலில் நிழலில் எடுத்தவை ஒன்று, உள்ளே பல்பு வெளிச்சத்தில் எடுத்தவை ஒன்று, ஃப்ளாஷ் போட்டவை ஒன்று, ஜன்னல் பக்கம் எடுத்தவை ஒன்று. ஒரு நிகழ்ச்சியில் இப்படி எட்டுப் பத்து கூட்டம்தான் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு படத்தை நான் ‘தாய்ப் படம்’ என்று எடுத்துக்கொள்வேன். முகம் தெளிவாகத் தெரிய வேண்டும், வெள்ளையோ சாம்பலோ ஏதாவது ஒரு பொருள் உள்ளே இருக்க வேண்டும்.

போன மாதம் செய்த ஒரு தாய்ப் படத்தைச் சொல்கிறேன். ஒரு பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். இடது கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம், நீலம். வலது கன்னத்தில் விளக்கு, மஞ்சள். கேமரா இரண்டுக்கும் நடுவில் 4300 என்று எதையோ போட்டு வைத்திருந்தது. இரண்டு கன்னமுமே தப்பாகத் தெரிந்தன. பாட்டியின் வெள்ளைச் சேலையில் ஜன்னல் வெளிச்சம் விழுந்த மடிப்பில் வைட் பேலன்ஸ் துளிசொட்டியை (இதுதான் வெள்ளை என்று லைட்ரூமுக்குக் காட்டும் கருவியை) வைத்து அழுத்தினேன். 5400-க்குப் போனது, இடது கன்னம் உயிர் பெற்றது, வலது பக்கம் தீ மாதிரி ஆனது. வலது பக்கத்துக்கு மட்டும் பிரஷ்ஷால் ஒரு மாஸ்க் (மாற்றம் விழ வேண்டிய இடத்தின் எல்லை) வரைந்து டெம்பரேச்சரைக் கொஞ்சம் நீலத்தின் பக்கம் தள்ளினேன். முழுசாக இழுத்துச் சமன் செய்யவில்லை. விளக்கு எரிகிறது என்பது முகத்தில் தெரிய வேண்டும், அந்தக் கதகதப்புதான் அந்தப் படமே. அப்புறம் ஆல்ட் விசையைப் பிடித்தபடி ‘வைட்ஸ்’ ஸ்லைடரை நகர்த்தினேன். திரை முழுக்கக் கறுப்பாகி, விவரம் போய் வெறும் வெள்ளையாகும் இடம் மட்டும் புள்ளியாகத் தெரியும். சேலைக் கரையில் முதல் புள்ளி வந்த இடத்திலிருந்து ஒரு சிட்டிகை பின்னால் வந்து நிறுத்தினேன். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்.

அந்த ஐந்து நிமிடம் அந்த ஜன்னலோரத்தில் எடுத்த 40 படங்களுக்கும் போதும். தாய்ப் படத்தை முதலில் கிளிக் செய்து, மற்றவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ‘சிங்க்’ அழுத்தி, வரும் பட்டியலில் வைட் பேலன்ஸ், டோன் இவற்றை மட்டும் டிக் செய்யுங்கள். க்ராப்பையும் பிரஷ்ஷால் வரைந்த மாஸ்க்கையும் எடுத்துவிடுங்கள், அவை ஒவ்வொரு படத்திலும் வேறு இடத்தில் விழ வேண்டியவை. ஒரே இடத்தில் ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் மாற்றி மாற்றி எடுத்திருந்தால், டெவலப் பகுதியின் செட்டிங்ஸ் மெனுவில் ‘மேட்ச் டோட்டல் எக்ஸ்போஷர்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. கேமரா எழுதிவைத்த ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ எண்களைப் பார்த்து எல்லாப் படத்தின் வெளிச்சத்தையும் தாய்ப் படத்துக்குச் சமமாக்கும். பலருக்கு இது இருப்பதே தெரியாது. எனக்கு லைட்ரூமில் மிகவும் பிடித்த கட்டளை இதுதான்.

இப்போது 350 படங்களும் நிறத்திலும் வெளிச்சத்திலும் ஒரே தளத்தில் நிற்கின்றன. ப்ரீசெட் போட வேண்டிய இடம் இது. அந்த ப்ரீசெட்டில் வைட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், லென்ஸ் கரெக்ஷன், க்ராப் எதுவும் இருக்கக்கூடாது. வாங்கியதில் இவை இருந்தால், ஒரு படத்தில் போட்டுவிட்டு, புதிய ப்ரீசெட்டாகச் சேமிக்கும்போது அந்த டிக்குகளை எடுத்துவிடுங்கள். டிக் இல்லாத ஸ்லைடரை ப்ரீசெட் தொடாது, நீங்கள் வைத்த எண் அப்படியே இருக்கும். டோன் கர்வ் (கறுப்பிலிருந்து வெள்ளை வரை வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் கோடு), கலர் கிரேடிங், நிறங்களின் சின்னச் சின்ன நகர்த்தல்கள், வேண்டுமானால் ஃபிலிம் மாதிரியான கிரெய்ன் புள்ளிகள், இவ்வளவு இருந்தால் போதும்.

சொந்த ப்ரீசெட் எப்படிச் செய்வது என்று உட்கார்ந்து யோசிக்கவே வேண்டாம். உங்களுக்கே திருப்தியாக வந்த 20 பழைய படங்களை வரிசையாகத் திறந்து, எந்த ஸ்லைடரை எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளியிருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இருபதில் பதினேழு படங்களில் ஹைலைட் 40-லிருந்து 60 வரை குறைந்திருந்தால், அது உங்கள் கை. அதை ப்ரீசெட்டில் வையுங்கள். ஐந்தில் மட்டும் இருப்பது அந்தப் படங்களின் தேவை, அதை விட்டுவிடுங்கள். நான் இப்படிச் செய்ததில் எனக்கு மிஞ்சியது மூன்றே ப்ரீசெட். முன்பு நானூறு வைத்திருந்தேன். எதைப் போடலாம் என்று ஒவ்வொன்றின் மேலும் மவுஸை நகர்த்திப் பார்ப்பதிலேயே மாலை போய்விடும்.

இதற்கும் அடியில் ஒரு அடுக்கு உண்டு: லென்ஸ் கரெக்ஷன், நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான இரைச்சல்) குறைப்பு, ஷார்ப்னஸ், கேமரா புரொஃபைல் (ரா ஃபைலின் நிறத்தை எப்படிக் காட்டுவது என்ற அடிப்படை அமைப்பு). இவற்றில் ரசனைக்கு இடமில்லை, மெஷினிடமே விட்டுவிடலாம். லைட்ரூம் கிளாசிக்கின் ப்ரிஃபரன்ஸில் ‘ப்ரீசெட்ஸ்’ பகுதியில் ஒவ்வொரு கேமராவுக்கும் ரா ஃபைலின் தொடக்க நிலையை வைத்துவிட முடியும். குறைந்த ஐஎஸ்ஓ படம் ஒன்று, அதிக ஐஎஸ்ஓ படம் ஒன்று என்று இரண்டை எடுத்து நாய்ஸைச் சரிசெய்து ஐஎஸ்ஓ அடாப்டிவ் ப்ரீசெட்டாகச் சேமித்தால், இடையில் உள்ள ஐஎஸ்ஓக்களுக்கு அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். இரண்டு கேமரா வைத்திருந்தால் இரண்டிலும் புரொஃபைலைக் கவனியுங்கள். வேறு வேறு கம்பெனி கேமராக்களில் ஒரே ப்ரீசெட் வேறு வேறு நிறம் காட்டுவதற்குப் பாதிக் காரணம் அடியில் இருக்கும் புரொஃபைல்தான்.

லைட்ரூமுக்கு மாதச் சந்தா கட்ட மனமில்லை என்றால் டார்க்டேபிள் இலவசம். முதல் இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொரு மாட்யூலின் ப்ரீசெட்டையும் கேமரா, லென்ஸ், ஐஎஸ்ஓ பார்த்துத் தானாகப் போட வைக்கும் வசதி அதில் இருக்கிறது. அந்த விஷயத்தில் லைட்ரூமை விட நுணுக்கமானது. ‘கேப்சர் ஒன்’ என்ற மென்பொருளும் நல்லதுதான். எதுவானாலும் மேலே சொன்ன வரிசை மாறாது.

இன்னும் இரண்டு மூன்று சின்ன விஷயங்கள். மானிட்டரில் இரவு நேர மஞ்சள் ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தால் எடிட்டுக்கு முன் அணைத்துவிடுங்கள். கலர் கேலிப்ரேஷன் கருவி கிடைத்தால் 6500 கெல்வின், காமா 2.2, பிரகாசம் 100-லிருந்து 120 கேண்டெலா என்று வையுங்கள். பிரகாசத்தை முழுசாக ஏற்றி வைத்து எடிட் செய்தால் பிரின்ட் எப்போதும் இருட்டாகத்தான் வரும். எக்ஸ்போர்ட்டுக்கும் ப்ரீசெட் உண்டு: போனில் பார்க்க எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் நீளப் பக்கம் 2048 பிக்சல், பிரின்ட்டுக்கு முழு அளவு. இரண்டையும் டிக் செய்தால் ஒரே தடவையில் இரண்டும் வரும். அப்புறம், கேட்டலாக்கை பேக்கப் எடுத்தால் படங்களும் சேர்ந்து வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். கேட்டலாக்கில் இருப்பது உங்கள் எடிட் கணக்கு மட்டும்தான், ரா ஃபைல்களைத் தனியாக இன்னொரு டிஸ்க்கில் போட வேண்டும்.

வாங்கிய ப்ரீசெட்டுகள் வீணா என்று கேட்பீர்கள். வீணில்லை, ஒவ்வொன்றாகத் திறந்து டோன் கர்வை மட்டும் பாருங்கள். என் தொகுப்பில் ஒன்றில் கர்வின் முதல் புள்ளி 0, 18 என்று இருந்தது. அதாவது முழுக் கறுப்பை 18-ம் படிக்கு ஏற்றி, கறுப்பைக் கொஞ்சம் மங்கலாக்கியிருந்தார்கள். அந்த ப்ரீசெட்டில் இருந்த மென்மை முழுக்க அந்த ஒரு புள்ளியில்தான் இருந்தது. அதை மட்டும் எடுத்து, 18-ஐ 9 ஆக்கி, என் மூன்றில் ஒன்றில் வைத்திருக்கிறேன். அந்த அம்மாவின் படங்களை மறுபடி செய்து கொடுத்தபோது போட்டதும் அதைத்தான்.