பைல்சில்லாவும் கிளவுடும்: கேட்டவையும் சொன்னவையும்

வெள்ளவத்தை, கல்யாணப் பட ஸ்டூடியோ: அண்ணா, இவ்வளவு காலமும் படங்களை பைல்சில்லா என்ற பைல் அனுப்பும் மென்பொருளில்தான் அனுப்பினோம். இப்போது அமேசானின் இணையச் சேமிப்பிடமான எஸ்3 எடுத்திருக்கிறோம். அதிலேயே போகுமா?

இலவசப் பதிப்பில் போகாது தம்பி, அதற்கு எஃப்டிபி, எஸ்எஃப்டிபி போன்ற பைல் அனுப்பும் முறைகள்தான் தெரியும். எஸ்3, கூகுள் டிரைவ் எல்லாம் காசு கொடுத்து வாங்கும் புரோவில். விண்டோஸ் என்றால் வின்எஸ்சிபி போடுங்கள், 2018இலிருந்து எஸ்3 அதில் இருக்கிறது, இலவசம். மேக் என்றால் சைபர்டக். யூசர்நேம் இடத்தில் அமேசான் தரும் ஆக்சஸ் கீ, பாஸ்வேர்ட் இடத்தில் சீக்ரெட் கீ, அவ்வளவுதான். ஆனால் எல்லா அனுமதியும் உள்ள ரூட் அக்கவுண்டின் கீயை ஸ்டூடியோ கணினியில் போட்டுவைக்காதீர்கள், படங்களைப் போடும் அந்த ஒரு பக்கெட்டுக்கு (எஸ்3இல் பைல்களை வைக்கும் பெட்டி) மட்டும் அனுமதியுள்ள ஐஏஎம் யூசர் என்ற துணைக்கணக்கு ஒன்றைத் தனியாகச் செய்யுங்கள். அப்படிச் செய்ததும் வின்எஸ்சிபி 'ஆக்சஸ் டினைட்' என்று முரண்டு பிடிக்கலாம். எல்லா பக்கெட்டையும் பட்டியல் கேட்டுப் பார்ப்பதுதான் காரணம். அட்வான்ஸ்டில் ரிமோட் டைரக்டரி என்ற இடத்தில் பக்கெட் பெயரைக் கொடுத்தால் நேரே உள்ளே போகும்.

கொட்டாஞ்சேனை, அச்சகம்: சைபர்டக்கில் ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றினால் மணிக்கணக்கில் ஓடுகிறதே?

எஸ்3 பக்கெட்டில் உண்மையில் ஃபோல்டரே இல்லை. சாய்கோடுகளோடு சேர்த்து முழுப்பாதையும் பைலின் பெயர்தான், மென்பொருள் அதைப் பிரித்து ஃபோல்டராகக் காட்டுகிறது. ஆகவே பெயர் மாற்றினால் ஒவ்வொரு பைலையும் புதுப்பெயரில் நகலெடுத்துப் பழையதை அழிக்க வேண்டியிருக்கிறது, அந்த நகல்களுக்கு ரிக்வெஸ்ட் கட்டணமும் உண்டு. ஏற்றுவதற்கு முன்பே பெயரைத் தீர்மானியுங்கள்.

தெஹிவளை, மாணவி: கட்டளை கொடுத்து பைல்களை கிளவுடுக்கு அனுப்பும் ஆர்குளோன் மென்பொருளில், கூகுள் டிரைவுக்கு சிங்க் கொடுத்தேன், டிரைவில் இருந்த பழைய நோட்ஸைக் காணவில்லை!

பதறாதீங்க தங்கச்சி, டிரைவின் ட்ராஷைப் பாருங்கள், வழக்கமாக 30 நாள் அங்கே கிடக்கும். சிங்க் என்றால் உங்கள் கணினியில் இல்லாததை டிரைவிலும் அழித்துவிடும். உங்களுக்கு வேண்டியது காப்பி கட்டளை. எதற்கும் முதலில் டிரை-ரன் சேர்த்து ஓட்டினால், என்ன நடக்கப்போகிறது என்று காட்டும், எதையும் தொடாது.

பம்பலப்பிட்டி, கணக்காளர் அலுவலகம்: எங்கள் வாடிக்கையாளர்கள் எஸ்எஃப்டிபியை விடமாட்டார்கள். அமேசானே அப்படி ஒரு வழி தருகிறதாமே?

தருகிறது, டிரான்ஸ்ஃபர் ஃபேமிலி என்று பெயர். பைல் வந்தாலும் வராவிட்டாலும் மணிக்கு 0.30 டொலர், அதாவது மாதம் 216 டொலர் அளவில், அனுப்பும் டேட்டாவுக்கு அதற்கு மேல். சிறிய அலுவலகத்துக்கு நான் சொல்லமாட்டேன் சேர். ஆர்குளோனில் 'சேர்வ் எஸ்எஃப்டிபி' என்ற கட்டளை இருக்கிறது: எப்போதும் ஓடும் ஒரு கணினியில் அதைப் போட்டுவிட்டால் வாடிக்கையாளர் பழையபடி எஸ்எஃப்டிபியில் வருவார், பைல் பக்கெட்டில் போய் விழும். அந்தக் கணினியின் பாதுகாப்பு மட்டும் உங்கள் தலையில்.

அதே அலுவலகம்: பக்கெட்டை மும்பாயில் வைப்பதா, சிங்கப்பூரிலா?

இரண்டுக்கும் ஒரு பெரிய பைலை ஏற்றிப் பார்த்து வேகமானதை எடுங்கள். பக்கெட்டைச் செய்த பிறகு ரீஜனை, அதாவது அது இருக்கும் இடத்தை, மாற்ற முடியாது.