பாடுவதற்கு முன் பேசவிடுங்கள்

கேள்வி: இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் எட்டாம், ஒன்பதாம் தரங்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் ஃபோனில் ஆங்கிலப் பாட்டுக் கேட்டு வரி பிசகாமல் பாடுகிறார்கள். ஆனால் நேற்று என்ன செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டால் வாய் திறப்பதில்லை. பாட்டை வைத்தே படிப்பிக்கலாமா? புரொஜெக்டர் கிடையாது, சிக்னலும் வந்து வந்து போகும். அதிபரோ, "பாட்டுப் பாடினால் சாதாரண தரப் பரீட்சை பாஸாகுமா?" என்கிறார்.

பதில்: படிப்பிக்கலாம் டீச்சர். ஆனால் எல்லாரும் செய்கிற மாதிரி வேண்டாம். நானும் அப்படிச் செய்து சூடுபட்டவன்தான். ஒரு பாட்டை எடுத்து, 22 இடங்களில் சொல்லை அழித்து, தாளைக் கொடுத்து, நாலு தடவை போட்டுக் காட்டினேன். பாட்டு ஏற்கெனவே மனப்பாடமானவன் கேட்காமலே எழுதினான். மற்றவர்கள் அவனைப் பார்த்து எழுதினார்கள். பாடம் முடிந்தபோது அந்தப் பாட்டே அவர்களுக்கு வெறுத்துப் போயிருந்தது.

உங்கள் பிள்ளைகளிடம் இருப்பது ஒலி. பொருளும் இலக்கணமும் அதோடு தானாக ஒட்டிக்கொண்டு வருவதில்லை. 2014இல் வெளிவந்த எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், 60 பெரியவர்களுக்குக் கால் மணி நேரம் ஹங்கேரிய வாக்கியங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். பேசிப் பழகியவர்களையும் தாளத்தோடு சொல்லிப் பழகியவர்களையும் விட, பாடிப் பழகியவர்களே அவற்றை நன்றாகத் திருப்பிச் சொன்னார்கள். அதிபருக்குச் சொல்ல இது உதவும். ஆனால் கவனியுங்கள், திருப்பிச் சொல்வதுதான் கூடியது. சொந்தமாக ஒரு வாக்கியம் கட்டுவது வேறு வேலை, அதை நாம்தான் செய்விக்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்றால், தாளத்தில். தமிழில் ஒவ்வோர் எழுத்துக்கும் அதனதன் நேரம் கிடைக்கும். ஆங்கிலம் அப்படியில்லை. முக்கியமான சொற்களில் அடி விழும், நடுவில் கிடக்கும் சின்னச் சொற்கள் நசுங்கிப் போகும். 'பஸ் கம்ஸ் லேட்' என்று சொல்லிக்கொண்டே மேசையில் மூன்று தட்டு தட்டுங்கள். அப்புறம் 'த பஸ் வில் பி கம்மிங் லேட்' என்று சொல்லுங்கள். சொல் இரட்டிப்பானாலும் அடி அதே மூன்றுதான்: பஸ், கம், லேட். 'வில் பி' இடுக்கில் ஓடி ஒளிந்துவிடும். பிள்ளை அதைக் காதால் கேட்கவே இல்லை, பிறகு எப்படி எழுதும்?

பாட்டு இதைப் பச்சையாகக் காட்டிவிடும். ஆகவே முதல் நாள் பாடவே விடாதீர்கள். இரண்டு வரியைக் கரும்பலகையில் எழுதி, மெட்டில்லாமல், தட்டிக்கொண்டே பேசவிடுங்கள். எங்கே கை விழுகிறது என்று அவர்களையே கோடு போடச் சொல்லுங்கள். வகுப்பில் தப்பு மேளம் அடிக்கத் தெரிந்த பையன் ஒருவனாவது இருப்பான், தோட்டத்தில் ஆடும் காமன் கூத்துக்கு அடித்தவனாக இருந்தால் இன்னும் நல்லது. அவனை முன்னுக்குக் கூப்பிடுங்கள். சாவு வீட்டு மேளம் வகுப்புக்குள் எதற்கு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கடைசி வாங்கில் ஒதுங்கும் பையன் அன்றைக்கு உங்கள் உதவி ஆசிரியர்.

எந்தப் பாட்டு? வேகமான ராப் இப்போதைக்கு வேண்டாம். டோரிஸ் டே 1956இல் பாடிய 'கே செரா செரா'வில் தொடங்குங்கள். மூன்று மூன்று அடியாக நடக்கும் மெதுவான பாட்டு. சிறுமியாக இருந்தபோது என்று இறந்தகாலத்தில் தொடங்கும், பல்லவியில் 'வில்' திரும்பத் திரும்ப வரும். இரண்டு பாடம் ஒரே பாட்டில். இந்த மெட்டைத்தான் மறு வருடமே 'ஆரவல்லி' படத்தில் 'சின்னப் பெண்ணான போதிலே' என்று போட்டார்கள். வீட்டில் அம்மாச்சியிடம் பாடிக் காட்டச் சொல்லுங்கள், சிலர் கூடச் சேர்ந்து பாடுவார்கள்.

அடுத்தது 'கொலவெறி'. சிரிக்காதீர்கள், 2011இல் தனுஷ் பாடிய அதே பாட்டுத்தான். ஆங்கிலச் சொல்லின் வாலில் 'உ' ஒட்டுகிற நம் பழக்கம் அதில் வேண்டுமென்றே செய்யப்பட்டிருக்கிறது: 'மூன்' மூனு, 'கேர்ள்' கேர்ளு. அந்த 'உ'க்களைப் பிடித்து வெட்டுவதையே ஒரு விளையாட்டாக்குங்கள். தோட்டத்து வீட்டு வரிசையான லைனை லயமாகவும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பரேடைப் பிரட்டாகவும் வளைத்துக்கொண்ட வாய்தானே நம்முடையது! அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இன்டர்வியூவில் 'புக்கு' என்று சொல்லக்கூடாது என்பதும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பாட்டுக்காரர்கள் இலக்கணத்தைக் கண்டபடி மீறுவார்கள். 'ஷீ டோன்ட்' என்று வந்தால், பாட்டில் சரி, விடைத்தாளில் 'டஸின்ட்' என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். காதல் பாட்டாக இருந்தால் முழுவரிகளையும் நீங்கள் முதலில் வாசித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் மறுநாள் ஒரு தகப்பன் வாசலில் நிற்பார்.

அதிபருக்கான பதில் மூன்றாவது வாரத்தில் இருக்கிறது. அப்போது மெட்டையும் அடியையும் வைத்துக்கொண்டு சொற்களை மாற்றி எழுதச் சொல்லுங்கள். சின்ன வயதில் மழை வந்தால் என்ன செய்தோம் என்று நாலு வரி இறந்தகாலத்தில், பெரியவனானதும் என்ன செய்வேன் என்று நாலு வரி 'வில்' போட்டு. அடி பொருந்தாவிட்டால் பாட வராது. அதனால் பிள்ளை தானாகவே அழித்து அழித்து எழுதும். நாங்கள் சிவப்புப் பேனாவால் செய்கிற வேலையைத் தாளம் செய்துவிடும். அந்தத் தாள்களைக் கட்டி அதிபர் மேசையில் வையுங்கள்.

ஒரு பாட்டுக்கு மூன்று வாரம், கிழமைக்கு இரண்டு தடவை, தடவைக்கு 15 நிமிடம். அதற்கு மேல் இழுக்காதீர்கள். சிக்னல் உள்ள இடத்தில் பாட்டை இறக்கி வைத்துக்கொண்டால் ஃபோனே போதும். சார்ஜ் இல்லாத நாளில் நீங்களே பாடுங்கள். என் குரலையே என் வகுப்பு சகித்துக்கொண்டது.